மாஜுலி: ஓர் ஆற்றிடைக்குறையின் வரலாறும் சின்னங்களும்

ஆற்றின் நடுவே நாற்புறமும் நீர் சூழக் கிடக்கும் நிலத்தைத் தமிழர் ஆற்றிடைக்குறை என்றும், துருத்தி என்றும், அரங்கம் என்றும் வழங்கினர். திருப்பூந்துருத்தி, திருவரங்கம் என்னும் ஊர்ப்பெயர்களில் அச்சொற்கள் இன்றும் நின்று நிலவுகின்றன. இம்மூன்றனுள் 'ஆற்றிடைக்குறை' என்னும் தொடர் பெரிதும் கருதத்தக்கது. குறை என்பது துண்டு. ஒன்றினின்று அறுபட்டு எஞ்சியது. ஆற்றினால் அறுக்கப்பட்டு ஆற்றிடையே எஞ்சி நிற்கும் நிலம் என்பது அதன் பொருள். இப்பொருளை நம் கண்முன் நிறுத்தும் நிலப்பகுதி ஒன்று இந்தியாவின் வடகிழக்கே, அசாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே உள்ளது. மாஜுலி என்பது அதன் பெயர். 2016ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் அது தனி மாவட்டமாயிற்று. ஆற்றுத்தீவு ஒன்றே ஒரு மாவட்டமாக அமைந்தது இந்தியாவில் அதுவே முதன்முறையாகும்.

ஒரு மாவட்டத்தின் வரலாற்றுச் சின்னங்கள் எவை என வினவின், கோயில், கோட்டை, கல்வெட்டு, தூண் ஆகியவற்றையே நாம் எண்ணுவோம். மாஜுலியில் இவற்றைத் தேடுவார் ஏமாற்றமே அடைவர். அது முழுவதும் வண்டலும் மணலுமாகிய நிலம். கட்டுதற்குரிய கல் அங்கே இயற்கையில் இல்லை. நூறாண்டுக்கு முன் ஓர் ஊர் இருந்த இடத்தில் இன்று ஆறு ஓடுகின்றது. எனினும் அசாமிய மக்களின் சமயம், கூத்து, இசை, ஓவியம், ஏடு ஆகியவற்றின் கருவூலம் எது என்று கேட்டால், அவர்கள் தயங்காது இத்தீவினையே சுட்டுவர். நிலையாத நிலத்தில் நிலைத்த மரபு எங்ஙனம் அமைந்தது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

மாஜுலி என்னும் பெயர் 'நடு' எனப் பொருள்படும் 'மாஜ்' என்னும் அசாமியச் சொல்லோடு தொடர்புடையது. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் என்பது பெயரின் கருத்து. இன்று தெற்கே பிரம்மபுத்திராவின் பெருநீரோட்டமும், வடக்கே சுபன்சிரி ஆறும், கெர்குட்டியா சுத்தி என்னும் கிளையோட்டமும் இதனைச் சூழ்கின்றன. 'சுத்தி' என்பது கிளையாகப் பிரிந்தோடும் கால். 'சாப்பரி' என்பது ஆற்றிடை மணல்திட்டு. இவ்விரு சொற்களையும் அறியாமல் மாஜுலியின் வரலாற்றைப் படித்தல் அரிது. பிரம்மபுத்திராவை அசாமியர் லுயித் என்றும் அழைப்பர். நம் நாட்டில் காவிரியும் வையையும் பெண்ணாகப் பாடப்பெற, அந்நாட்டில் இவ்வாறு பிரமனின் புதல்வனாகிய ஆண்மகன் எனக் கருதப்படுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

பண்டு இந்நிலம் தீவாக இருந்ததில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்காலத்தில் லுயித் வடபுறத்தே ஓடியது. திஹிங் ஆறு தென்புறத்தே அதற்கு இணையாக ஓடி, நெடுந்தொலைவு சென்று அதனோடு கலந்தது. இவ்விரண்டன் நடுவே கிடந்த நீண்ட நிலமே மாஜுலி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலநடுக்கங்கள் பல நேர்ந்தன. பின்னர் 1750ஆம் ஆண்டு பதினைந்து நாள் நீடித்த பெருவெள்ளம் ஒன்று வந்தது. லுயித் தெற்கே உடைத்துச் சென்று திஹிங்கின் படுகையைத் தனதாக்கிக் கொண்டது. பழைய வடபடுகை மெலிந்து கெர்குட்டியா சுத்தி ஆயிற்று. இங்ஙனம் கூறுவர்.

இச்செய்தியிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று பெரும்பாலோர் நோக்காது விடுவது. மாஜுலியின் புகழ்பெற்ற சமய நிறுவனங்கள் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் தோன்றியவை. 1750க்குப் பின்னரே அது இன்றைய வடிவில் தீவாயிற்று எனின், அடியார்கள் தனிமை நாடித் தீவொன்றிற் குடியேறினர் என்னும் கூற்றுப் பொருந்தாது. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட வளமான நடுநிலத்தில் அவர்கள் அமர்ந்தனர். பின்னர் ஆறு அவர்களைச் சுற்றிக்கொண்டது. தீவு என்பது அவர்கள் தேர்ந்துகொண்ட உறைவிடம் அன்று. அவர்கள்மேல் வந்து நேர்ந்ததோர் நிலை.

சங்கரதேவரும் மாதவதேவரும்

அசாமிய வைணவத்தின் முதல்வர் சங்கரதேவர் (1449–1568). நகாவ் பகுதியைச் சார்ந்த பர்தோவா அவர் பிறந்த ஊர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தம் சுற்றத்தாரோடு இடம் பெயர்ந்து, மாஜுலியைச் சார்ந்த துவாஹாட் பேலகுரி என்னும் இடத்தில் தங்கினார். அவர் பரப்பியது ஏகசரண நாமதருமம் எனப்படும். கண்ணன் ஒருவனையே சரண் புகுதல், அவன் நாமத்தைக் கேட்டலும் பாடுதலும் என்பனவே அதன் சாரம். பலியிடுதலும் பல தெய்வ வழிபாடும் அதற்கு உடன்பாடல்ல.

மாதவதேவர் (1489–1596) அவரை வந்தடைந்த வரலாறு சுவையுடையது. மாதவர் அப்போது தேவி வழிபாட்டினர். தம் தாய் நோய்வாய்ப்பட்டபோது, நலம்பெற்றால் தேவிக்கு வெள்ளாடுகள் பலியிடுவதாக நேர்ந்துகொண்டார். ஆடு வாங்கித் தருமாறு தம் மைத்துனரிடம் கூற, சங்கரதேவரிடம் முன்னரே அடைக்கலம் புகுந்திருந்த அவர் மறுத்தார். சினம்கொண்ட மாதவர் ஆசானோடு வாதிடச் சென்றார். வாதம் நெடுநேரம் நடந்தது. மரத்தின் வேருக்கு நீர் வார்த்தால் கிளைகளும் இலைகளும் தாமே தழைக்கும் என்னும் பாகவதக் கருத்தினைச் சங்கரர் எடுத்துரைக்க, மாதவர் அவர் அடி பணிந்தார் என்பர். இச்சந்திப்பினை மணியும் பொன்னும் சேர்ந்தாற்போன்ற சேர்க்கை எனும் பொருளில் 'மணிகாஞ்சன சம்யோகம்' என அசாமியர் போற்றுவர்.

ஆனால் அச்சந்திப்பு நிகழ்ந்த மண் இன்றில்லை. பேலகுரியின் பழைய நிலத்தை ஆறு விழுங்கிவிட்டது. அசாமிய வைணவத்தின் தலையாய நிகழ்ச்சிக்கு உரிய இடமே நீருக்குள் ஆயினபின்னும், அப்பெயர் வேறிடத்தில் வாழ்கின்றது. அப்பெயருடைய சத்திரமும் வேறிடத்தில் வாழ்கின்றது. மாஜுலியில் ஒரு சின்னம் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதற்கு இஃதே முதற்சான்று.

சங்கரதேவர் அங்கே நிலைத்திருக்கவும் இயலவில்லை. அஹோம் அரசரின் சினத்திற்கு ஆளாகி அவருடைய மருமகன் ஹரி கொல்லப்பட்டார். மாதவர் சிறைப்பட்டு மீண்டார். ஆதலின் அவர்கள் மேற்கே, கோச் மன்னரின் நாட்டிற்குச் சென்றனர். அவர்தம் மாணாக்கரும் மாணாக்கரின் மாணாக்கருமே மீண்டும் கிழக்கே வந்து மாஜுலியில் மரபினை ஊன்றினர்.

சத்திரம் என்னும் சொல்

அசாமிய வைணவ மடங்களுக்குச் 'சத்ர' என்பது பெயர். அசாமியர் ஒலிப்பில் முதலெழுத்துத் தொண்டையிற் பிறக்கும் ககரம் போல ஒலிக்கும். இதனை ஈண்டுச் சத்திரம் என்றே குறிக்கின்றோம். தமிழில் வழங்கும் சத்திரமும் இதுவும் ஒரே வடசொல்லிற் பிறந்தவை என்பது கருதற்பாலது. வேத வழக்கில் அது பல நாள் தொடர்ந்து நிகழும் வேள்வியைக் குறித்தது. நைமிசவனத்தில் முனிவர் பலர் கூடி நெடுங்காலம் இயற்றிய அத்தகைய வேள்வியிடையே சூதர் அவர்க்குக் கண்ணன் கதையைக் கூறினார் என்று பாகவதம் தொடங்குகின்றது. தமிழில் அச்சொல் வழிப்போக்கர்க்குச் சோறும் இடமும் அளிக்கும் அறச்சாலையாயிற்று. அசாமில் அது கதை கேட்கக் கூடிய அடியார் குழாமாகி, பின் அக்குழாம் உறையும் இடமாயிற்று. பொருளளவில் நோக்கின், அசாமியச் சத்திரம் நம் சத்திரத்தினும் நம் ஆதீனத்திற்கே நெருங்கியது. தலைவர், துறவியர், நிலமானியம், ஏட்டுச்சுவடி, வழிவழி அடியார் ஆகிய எல்லாம் ஆண்டும் உள.

சத்திரத்தின் அமைப்பு எளியது. 'கராபாட்' என்னும் வாயிலைக் கடந்தால் நடுவே 'நாம்கர்' என்னும் நீண்ட கூடம். நாமம் பாடும் வீடு என்பது அதன் பொருள். அதன் கிழக்கு முனையில் 'மணிகூட்' என்னும் கருவறை. நாற்புறமும் 'ஹாட்டி' எனப்படும் வரிசை வீடுகள். அவற்றில் அடியார் உறைவர். ஔனியாட்டி, கமலாபாரி முதலியவற்றில் மணம் செய்யாத் துறவியர் வாழ்கின்றனர். இளஞ்சிறார்களை உடன் வைத்து வளர்த்து, பாட்டும் கூத்தும் சுவடியும் கற்பித்து, தம் ஹாட்டியினை அவர்க்கே விட்டுச் செல்கின்றனர். மணம்புரிந்த குடும்பத்தார் நடத்தும் சத்திரங்களும் உண்டு. சங்கரதேவரின் நெறியில் ஆசனத்தின்மேல் வைத்து வணங்கப்படுவது திருநூலே. எனினும் ஔனியாட்டியில் பூரியிலிருந்து கொணர்ந்த கோவிந்தரின் திருவுருவமும், தக்கினபாட்டில் யாதவராயரின் திருவுருவமும் வழிபடப்படுகின்றன.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. சங்கரர், மாதவர் காலத்திற்குப் பின் அவர் வழியினர் பிரம்ம, புருஷ, கால, நிகா எனச் 'சங்கதி' நான்காகப் பிரிந்தனர். ஔனியாட்டி, தக்கினபாட், கரமூர், குருவாபாகி என்னும் நான்கும் பிரம்ம சங்கதியின்பாற்பட்டவை. அந்தணர் தலைமையும் திருவுரு வழிபாடும் அவற்றின் இயல்பு. கமலாபாரி நிகா சங்கதியைச் சார்ந்தது. மாதவதேவரின் மாணாக்கராகிய பாதுல பத்ம ஆட்டாவை அது தன் முதல்வராகக் கொள்ளும். ஒழுக்கத் தூய்மையிலும் நாமம் பாடுதலிலும் அதற்குக் கண்டிப்பு மிகுதி.

அரசும் சத்திரமும்

பதினேழாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. முன்பு அடியாரைத் துரத்திய அஹோம் அரச மரபே அவர்களுக்குப் புரவலாயிற்று. ஜயத்துவச சிங்கன் (1648–1663) நிரஞ்சன தேவரிடம் தீக்கை பெற்று, அவரை முதல் தலைவராகக் கொண்டு 1653இல் ஔனியாட்டிச் சத்திரத்தை நிறுவினான். வனமாலிதேவரின் தக்கினபாட்டும் அவனுடைய ஆதரவைப் பெற்றது. மேலே கூறிய பிரம்ம சங்கதிச் சத்திரங்கள் நான்கும் 'இராச சத்திரங்கள்' எனப் பெயர் பெற்றன.

இதனை வெறும் பத்தி என்று மட்டும் கொள்ளல் தகாது. அஹோம் அரசு 'பாய்க்' என்னும் முறையால் இயங்கியது. தகுதியுடைய ஆடவர் ஒவ்வொருவரும் முறைவைத்து அரசுக்கு உழைப்புத் தரவேண்டும்; போரும் சாலையும் ஏரியும் அவ்வுழைப்பாலேயே நடந்தன. சத்திரத்தின் அடியாராய் வாழ்வார் இவ்வுழைப்பினின்று விலக்கு வேண்டினர். அடியார் பெருகப் பெருக அரசின் கைகள் குறைந்தன. மடத்திற்குக் கொடை நல்கும் அரசனே மடத்தைக் கண்டு அஞ்சும் நிலை இவ்வாறு உருவாயிற்று. கதாதர சிங்கன் (1681–1696) சத்திரத் தலைவர்களைக் கடுமையாக ஒறுத்தான். அடியார் பலரைப் பாதை அமைக்கும் வேலைக்கு அனுப்பினான். அவன் மகன் உருத்திர சிங்கன் (1696–1714) அக்கொள்கையை மாற்றி, துரத்தப்பட்ட அந்தணத் தலைவர்களை மீள அழைத்து, மாஜுலியைத் தம் தலைமையிடமாகக் கொள்ள இசைந்தான். மாஜுலியின் இன்றைய சிறப்பிற்கு உருத்திரனின் இச்செயலே நேர்க்காரணம் எனல் பொருந்தும். கண்ணுக்கெட்டும் தொலைவில், ஒரே நிலத்தில், தலைவர்கள் அனைவரையும் குடியமர்த்துதல் அரசனுக்கும் ஏற்றதாயிருந்திருக்கும். எல்லாச் சத்திரங்களும் இணங்கிப் போய்விடவில்லை. கால சங்கதியைச் சார்ந்த மோவாமரியா சத்திரத்தின் அடியார் 1769இல் கிளர்ந்தெழுந்தனர். ஏறத்தாழ நாற்பதாண்டு நிகழ்ந்த அப்போர்கள் அஹோம் அரசினையே தளர்த்துவிட்டன.

கையிலெடுத்துச் செல்லும் சின்னங்கள்

மாஜுலியில் ஒருகாலத்தில் 65 சத்திரங்கள் இருந்தன எனச் சொல்லப்படும். இன்று எஞ்சியவை அவற்றிற் பாதிக்கும் குறைவே. மறைந்தவை அழிந்தொழிந்தன என்று கருதிவிடல் வேண்டா. கரை இடியும்போது அடியார் மரத்தூண்களைப் பிரித்தனர். ஆசனத்தையும் ஏடுகளையும் விளக்கையும் படகில் ஏற்றினர். உள்நிலத்திற்கோ மறுகரைக்கோ சென்று, அதே பெயரால், அதே திசை நோக்கி, அதே அளவில் நாம்கரை மீண்டும் எடுத்தனர். ஒரு சத்திரம் இவ்வாறு பலமுறை பெயர்ந்ததும் உண்டு. மரமும் மூங்கிலும் கூரைப்புல்லும் கொண்டு கட்டியதனால் இது கைகூடிற்று. அஹோம் அரசரின் சமாதிமேடுகளாகிய சராய்தேவ் மொய்தாம்கள் 2024இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றன. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாஜுலியோ 2004 முதல் அப்பட்டியலுக்கான முன்மொழிவு நிலையிலேயே நிற்கின்றது. இடத்தையும் எல்லையையும் அளந்து மதிப்பிடும் முறைக்குள், இடமே பெயரும் இம்மரபு எளிதில் அடங்கவில்லை என்றே தோன்றுகின்றது.

எடுத்துச் செல்லத்தக்கவற்றுள் தலையாயது கூத்து. சங்கரரும் மாதவரும் இயற்றிய ஓரங்க நாடகங்கள் 'அங்கியா நாட்' எனவும், அவற்றை ஆடுதல் 'பாவனா' எனவும் வழங்கும். அவர்கள் யாத்த பாடல்கள் 'பொர்கீத்' எனப்படும்; பெரும்பாடல் என்பது பொருள். நாடகத்தின் இடையே ஆடப்பெற்ற நடனங்களே காலப்போக்கில் தனியே வளர்ந்து 'சத்திரிய நடனம்' ஆயின. நூற்றாண்டுக் கணக்கில் துறவியரே, பெண்வேடம் உட்பட, அதனை நாம்கரினுள் ஆடிவந்தனர். 1958இல் தில்லியில் நடந்த நடனக் கருத்தரங்கில் அறிஞர் மகேசுவர நேயோக் அதனைப் பற்றி உரை நிகழ்த்த, கமலாபாரிச் சத்திரத்தின் மணிராம் தத்த முக்தியார் ஆடிக்காட்டினார். எனினும் சங்கீத நாடக அகாதெமி அதனைச் செவ்வியல் நடனமாக ஏற்றது 2000ஆம் ஆண்டில்தான். நாற்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு இது! இன்று பெண்களே அக்கலையைப் பெரிதும் மேடையேற்றுகின்றனர்.

சாமகுரிச் சத்திரம் முகமூடிக் கலைக்குப் பேர்பெற்றது. பச்சை மூங்கிலைக் கீறி அறுகோணக் கண்களாகப் பின்னி எலும்புக்கூடு போன்ற உருவம் சமைப்பர். குழைத்த களிமண்ணில் தோய்த்த துணியை அதன்மேல் ஒட்டுவர். களிமண்ணும் சாணமும் கலந்து மூக்கு, கன்னம், பல் ஆகியவற்றை எழுப்புவர். வெயிலில் உலர்த்தி மெருகிட்டு வண்ணம் தீட்டுவர். முகத்தை மட்டும் மறைப்பது ஒருவகை. தலையும் உடலும் தனித்தனியே அசைவது மற்றொரு வகை. ஆளுயரத்தினும் பெரிதாய் ஆடுவானை முழுதும் மறைப்பது இன்னொரு வகை. இராவணனும் பூதனையும் கருடனும் இவற்றிலே உயிர் பெறுவர். கனத்த கல்லினும் உலோகத்தினும் செய்யாது, ஒரு கையால் தூக்கத்தக்க மூங்கிலிலே செய்தமை இந்நிலத்தின் இயல்போடு பொருந்தி நிற்றல் காண்க. இக்கலையில் வல்ல ஹேமசந்திர கோஸ்வாமி 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மாஜுலியின் முகமூடியும் சுவடி ஓவியமும் 2024இல் புவிசார் குறியீடு பெற்றன. அகில் மரப்பட்டையைப் பதப்படுத்திச் செய்த 'சாஞ்சிபாட்' ஏடுகளில், இங்குலிகச் செம்மையும் அரிதார மஞ்சளும் கொண்டு தீட்டிய ஓவியங்களே அச்சுவடி ஓவியங்களாம்.

கார்த்திகை முழுநிலவில் இராசவிழா தீவு முழுவதும் நிகழும். அக்காலத்தே மாஜுலிக்குச் செல்வோர் கூத்தையும் முகமூடியையும் ஒருங்கே காணலாம்.

மடத்திலிருந்து வெளிவந்த செய்தித்தாள்

மாஜுலியைப் பழமையின் எச்சம் என்று மட்டும் எழுதுவார் ஒரு செய்தியை மறந்துவிடுகின்றனர். அசாமிய மொழியின் முதல் இதழாகிய 'அருணோதய்' 1846இல் கிறித்தவ மறைப்பணியாளரால் சிவசாகரில் தொடங்கப்பெற்றது. அதற்கு அடுத்த அசாமியச் செய்தித்தாள் எங்கிருந்து வந்தது? ஔனியாட்டிச் சத்திரத்திலிருந்து. அதன் தலைவர் தத்ததேவ கோஸ்வாமி அச்சுப்பொறி ஒன்றினை ஆற்றைக் கடந்து கொணர்ந்து, 'தருமப் பிரகாச யந்திரம்' எனப் பெயரிட்டு, 1871 முதல் 'அசாம் விலாசினி' என்னும் இதழை வெளியிட்டார். அசாமின் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் 1836 முதல் 1873 வரை வங்காளமே வழங்கியது என்பதனை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாய்மொழி அலுவலிடங்களில் இடமிழந்து நின்ற அந்நாளில், பட்டை ஏடுகளில் எழுதிப் பழகிய ஒரு மடம் ஈயஎழுத்தினை ஏற்று அம்மொழிக்கு அச்சில் இடம் தந்தது. இதனைவிடச் சிறந்த சின்னம் மாஜுலியில் வேறுண்டோ என்பது ஐயமே.

கரமூர்ச் சத்திரத்தின் பீதாம்பரதேவ கோஸ்வாமி (1885–1962) நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். பழங்குடியினரையும் ஒடுக்கப்பட்டோரையும் சத்திரத்துள் ஏற்றவர்.

பெயர முடியாதவை

இதுகாறும் சத்திரங்களைப் பற்றியே கூறினோம். ஆயின் மாஜுலியின் மக்களுட் பெரும்பகுதியினர் துறவியரல்லர். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே 1,67,304 பேர் வாழ்ந்தனர். மிசிங் இனத்தார் அவருட் பெருந்தொகையினர். தேவுரி, சோனோவால் கச்சாரி முதலிய இனத்தாரும் பலவகை அசாமியக் குடிகளும் உளர். மிசிங் மக்களின் வீடு மூங்கிற் கால்களின்மேல் ஆளுயரத்துக்கு எழுப்பிய பரண்வீடு. வெள்ளம் வருங்கால் நீர் அதன் கீழே ஓடும். மாசித் திங்களளவில் அவர்கள் கொண்டாடும் 'அலி ஆயே லிகாங்' விதைப்பு விழாவாகும். வெள்ளம் ஏற ஏறத் தானும் உயரும் 'பாவ்' நெல்லும், நீரில் ஊறவைத்த அளவிலே சோறாகும் மென்னரிசியும் அந்நிலத்துக்கு உரியவை. வெள்ளத்தை இவர்கள் பகையாகக் கருதியதில்லை. வெள்ளம் வண்டல் தருவது. அரிப்போ மண்ணையே கொண்டுபோவது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுதல் பிழை.

தீவின் தென்கிழக்கே சால்மரா என்னும் ஊர்க் குயவர் சக்கரமின்றிப் பானை வனைவர். கரையினை ஆழத் தோண்டி எடுக்கும் ஒட்டுக்களிமண்ணைப் பெண்கள் கையாலேயே தட்டி உருவாக்க, வெள்ளத்தில் மிதந்துவரும் மரங்களைப் பொறுக்கிச் சூளையிட்டு, ஆடவர் படகிலேற்றி ஆற்றோரத்து ஊர்களில் நெல்லுக்கு மாற்றிவருவர். மண்ணும் விறகும் வழியும் மூன்றும் ஆறே தந்தது. இன்று அவ்வூரின் கரை இடிந்து வருகின்றது. கரையைக் காக்கும் பணி நடக்குமிடத்தில் கரையைத் தோண்டுதல் தகாது என்பது அரசின் நிலை. தோண்டாவிடில் தொழிலில்லை என்பது குயவரின் நிலை. இரு பக்கத்தும் நியாயம் உண்டு. ஏடுகளையும் முகமூடிகளையும் படகிலேற்றிச் செல்லலாம். களிமண் படிவினை யார் பெயர்த்துச் செல்வர்?

உழவரின் நிலையும் அத்தகையதே. அரசக்கொடை நிலமுடைய சத்திரம் ஓரிடம் இழந்தால் மற்றோரிடம் செல்லும்; அடியாரும் கைகொடுப்பர். ஐந்து பீகா நிலமுடைய உழவன் அதனை இழந்தால் அணைக்கரையின் மேல் குடிசையிட்டுத் தங்குகின்றான். அணைக்கரையில் ஆண்டுக்கணக்கில் வாழும் குடும்பங்கள் பல. மரபு நிலைத்தது என்று எழுதும்போது, யாருடைய மரபு நிலைத்தது என்றும் ஆராய்ச்சியாளர் கேட்டல் வேண்டும்.

பரப்பளவு பற்றிய குழப்பம்

மாஜுலியே உலகின் மிகப் பெரிய ஆற்றுத்தீவு என்று பலரும் எழுதுவர். கின்னஸ் நூலும் 2016இல் 880 சதுர கிலோமீட்டர் எனக் குறித்து அச்சிறப்பினை அதற்கு வழங்கிற்று. பிரேசில் நாட்டுப் பனானால் தீவு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதுவும் ஆற்றின் கிளைகளால் சூழப்பட்டதே. ஆகவே இக்கூற்றினை அப்படியே ஏற்றல் இயலாது. மக்கள் நிலைத்து வாழும் பெரிய ஆற்றுத்தீவுகளுள் ஒன்று என்றளவில் அமைவதே நேரிது. இப்பெருமை இல்லாமையால் மாஜுலிக்கு ஒரு குறையும் இல்லை.

எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குக் காரணம், எதனை மாஜுலி என்று கொள்வது என்பதே. சுற்றியுள்ள சாப்பரிகளையும் சேர்த்து அளந்தால் ஒரு தொகை. தலைநிலத்தை மட்டும் அளந்தால் மற்றொரு தொகை. நிலவரைபடங்களையும் செயற்கைக்கோட் படங்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1917இல் 751.31 சதுர கிலோமீட்டர் இருந்த தீவு 2001இல் 421.65 ஆகச் சுருங்கியது எனக் கண்டது. அதாவது 84 ஆண்டுகளில் 329.66 சதுர கிலோமீட்டர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு. பிரம்மபுத்திரா வாரியமோ தன் கணக்கில் 2004இல் 502.21 எனவும், 2016இல் 524.29 எனவும் கூறிற்று. வளர்ந்தது என்னும் அவ்விருபத்திரண்டு சதுர கிலோமீட்டரும் புதிதாகப் படிந்த மணல் என்பதனை மறத்தலாகாது. மூன்று தலைமுறை உழுத வயலும் நேற்றுப் படிந்த மணலும் அளவுகோலுக்கு ஒன்றே, உழவனுக்கு ஒன்றல்ல.

அரிப்பின் காரணம் அறிதற்கு எளிது, தடுத்தற்கு அரிது. மாஜுலியின் கரை மேலே வண்டலும் கீழே நுண்மணலுமாக அமைந்தது. வெள்ள நாளில் அம்மணல் நீரை உறிஞ்சி நிறைகின்றது. வெள்ளம் வடியும்போது நீரோடு மணலும் கசிந்து வெளியேற, தாங்கலின்றி நின்ற மேற்கரை பாளம் பாளமாகச் சரிகின்றது. வெள்ளம் ஏறும்போதினும் இறங்கும்போதே இடிவு மிகுதி என்பது இதனால் விளங்கும். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் நேர்ந்த 8.6 அளவுள்ள பெருநிலநடுக்கம் இதனை மேலும் கொடிதாக்கிற்று. மலைகள் சரிந்து சுபன்சிரி அடைபட்டது. சில நாளில் அவ்வடைப்பு உடைந்து வெள்ளம் பாய்ந்தது. மலைமண் வந்து பிரம்மபுத்திராவின் படுகையை மேடாக்கியது. ஆழம் இழந்த ஆறு அகலம் தேடிற்று. அதன்பின் எழுப்பிய அணைக்கரைகள் வெள்ளத்தைத் தடுத்தன. உடன் வண்டலையும் தடுத்தன. 2004 முதல் பிரம்மபுத்திரா வாரியம், பொறியாளர் 'முள்ளம்பன்றி' என அழைக்கும் சிமெண்டுக் கால்களின் கட்டுகளை ஆற்றில் நிறுத்தி, ஓட்டத்தின் விசையைக் குறைத்து மணல் படியச் செய்துவருகின்றது. அண்மையிலுள்ள மணல்திட்டு ஒன்றில் மிசிங் இனத்தவராகிய ஜாதவ் பாயேங் 1979 முதல் மரம் நட்டு வளர்த்துப் பெருங்காடு ஆக்கினார். 2015இல் பத்மஸ்ரீ பெற்றார். கரையைப் பிடித்து நிறுத்துவதில் வேர் செய்யும் பணியைச் சிமெண்டு செய்யுமோ என்பது இனிக் காணவேண்டியது.

துறை

மாஜுலிக்குச் செல்வோர் தென்கரையில் ஜோர்ஹாட்டை அடுத்த நிமாட்டி துறையினின்று படகேறிக் கமலாபாரித் துறையில் இறங்குவர். மாவட்டத் தலைமையிடமாகிய கரமூர் அங்கிருந்து அண்மையில் உள்ளது. மருத்துவமனை செல்லும் நோயாளியும் தேர்வெழுதும் மாணவரும் சந்தைக்குப் போகும் பானையும் இவ்வழியையே நம்பியிருந்தனர். 2021 பிப்ரவரியில் ஜோர்ஹாட்டோடு மாஜுலியை இணைக்கும் பாலத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அவ்வாண்டே செப்டம்பர் 8ஆம் நாள், மாவட்டம் தோன்றிய அதே தேதியில், நிமாட்டி அருகே இரண்டு படகுகள் மோதி ஒன்று மூழ்கியது; உயிரிழப்பும் நேர்ந்தது.

படகுத்துறை என்பதும் அங்கே நிலைத்த இடமன்று. மழைக்காலத்தில் நீர் ஏறும்போது துறை கரையோடு ஏறி ஊரை ஒட்டி நிற்கும். பனிக்காலத்தில் ஆறு ஒடுங்கியதும் மணலின்மேல் நெடுந்தொலைவு முன்சென்று அமையும். மூங்கிற் பலகைகளையும் தேநீர்க் கடைகளையும் கட்டிய கயிற்றோடு அவிழ்த்துச் சுமந்து, மக்கள் அதன் பின்னே செல்வர்.